பிரெஞ்சு டீச்சர் ஆக என்ன படிக்கலாம்?

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்து 98 மார்க் வாங்கினாள். பள்ளியில் பிரெஞ்சு டீச்சராகத்தான் ஆவேன் என்கிறாள். எங்கே சேர்க்கலாம்? (வாசகி, திருச்சி)

பதில்: நல்ல ஆசை, தடுக்காதீர்கள் அம்மா. ஆனால் அந்த 98-ஐ நம்பி முடிவெடுக்க வேண்டாம். பத்தாவது வரை தமிழ் கட்டாயம் என்பதால் இங்கே நிறையப் பிள்ளைகள் பிளஸ் ஒன்னில்தான் பிரெஞ்சைத் தொடுகிறார்கள், இலக்கணமும் மொழிபெயர்ப்பும் எழுதியே மார்க் வாங்கிவிடலாம், பேசச் சொன்னால்தான் நிலைமை தெரியும்.

ஹைதராபாத் இஃப்ளு (ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம்), டெல்லி ஜே.என்.யு. (ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம்) இரண்டும் மத்தியப் பல்கலைக்கழகங்கள். பி.ஏ. பிரெஞ்சு இருக்கிறது, நுழைவுத்தேர்வு உண்டு. எம்.ஏ.வுக்குப் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. டிகிரியோடு டெல்ஃப் தேர்வை (பிரெஞ்சு மொழித் திறனுக்குப் பிரான்ஸ் அரசு சான்றிதழ் தரும் தேர்வு) பி2 நிலை, அதாவது சரளமாகப் பேசி எழுதும் நிலை வரை எழுதட்டும், அந்தச் சான்றிதழ் காலாவதி ஆகாது.

அப்புறம் பி.எட்., இரண்டு வருஷம். இதை விட்டுவிடவே கூடாது, சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் கேட்பார்கள். எல்லா பி.எட். கல்லூரியிலும் பிரெஞ்சு கற்பித்தல் பாடமாக இருக்காது, அதனால் பணம் கட்டும் முன் விசாரியுங்கள்.

வேலை பெரும்பாலும் தனியார் பள்ளிகளில்தான். பிரெஞ்சு போன்ற அயல்மொழியைப் பள்ளியில் மூன்றாம் மொழியாக வைக்கிற விஷயத்தில் கொள்கை எப்போது வேண்டுமானாலும் மாறும்: 2014-இல் கேந்திரிய வித்யாலயாக்களில் மூன்றாம் மொழியாக இருந்த ஜெர்மனை, கல்வியாண்டின் நடுவிலேயே எடுக்க முடிவு செய்தார்கள். அதனால் ஆங்கிலத்தையும் வகுப்பெடுக்கிற அளவுக்கு அவள் கையில் வைத்திருக்கட்டும்.