வாசகர் கேள்வி, சட்டத்தரணி பதில்: தண்டம் கட்டிவிட்டால் வழக்கு முடிந்துவிடுமா?

கேள்வி: நான் செட்டிபாளையத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். என் அக்காவின் மகன் தகப்பனை இழந்தவன். என் பொறுப்பில் வளர்ந்தவன். சென்ற ஆண்டு நண்பனின் கலியாண வீட்டிலிருந்து இரவில் மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது கல்லடியில் பொலிஸார் மறித்து, மது அருந்தியிருக்கிறானா என்று பார்க்கப் பலூன் ஊதச் சொன்னார்கள். விபத்து எதுவும் இல்லை. நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டினான். சாரதி அனுமதிப்பத்திரமும் ஆறு மாதத்துக்கு இடைநிறுத்தப்பட்டது. இப்போது அரசாங்க வேலைக்கு விண்ணப்பம் நிரப்புகிறான். ‘நீதிமன்றத்தால் எப்போதாவது குற்றவாளியாகக் காணப்பட்டுள்ளீரா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று போடும்படி கூட்டாளிகள் சொல்கிறார்கள். காசு கட்டியதோடு எல்லாம் முடிந்துவிட்டதாம். மாமன் என்ற முறையில் நான் அவனுக்கு என்ன சொல்வது?

பதில்: ஐயா, ‘ஆம்’ என்று எழுதச் சொல்லுங்கள். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் உங்கள் மருமகனின் கூட்டாளிகள் செய்யும் பிழையைப் படித்தவர்களும் செய்வதை நான் அடிக்கடி காண்கிறேன்.

தலைக்கவசம் அணியாமற் போனதற்குப் பொலிஸார் எழுதித் தருகிற தண்டப் பத்திரத்தைத் தபாற்கந்தோரில் பதினான்கு நாட்களுக்குள் கட்டிவிட்டால், அந்த விடயம் நீதிமன்றப் படியேறாமலே முடிந்துவிடுகிறது. மது அருந்தி வாகனம் செலுத்தியது அந்த வகையைச் சேர்ந்ததன்று. அது மோட்டார் வாகனச் சட்டத்தின் 151ஆம் பிரிவின் கீழ் வருகிற குற்றம். நீதவான் முன்னிலையில் குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டு, எதிரி, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர், அதை ஒப்புக்கொண்டோ வழக்கு விசாரணையின் பின்னரோ குற்றவாளியாகக் காணப்பட்ட பிறகுதான் தண்டம் விதிக்கப்படுகிறது. 25,000 ரூபாவுக்குக் குறையாத அந்தத் தொகையைக் கட்டினால் தண்டனை நிறைவேறுகிறதே தவிர, குற்றத் தீர்ப்பு அழிவதில்லை. இரண்டும் ஒன்றென்று எண்ணுவதிலிருந்துதான் எல்லாச் சிக்கலும் தொடங்குகிறது.

காலம் போனால் தானாகவே அழிந்துவிடும் என்ற எண்ணமும் சிலரிடம் உண்டு. ஐக்கிய இராச்சியத்தில் 1974ஆம் ஆண்டிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. சிறிய தண்டனை பெற்றவர் குறித்த சில ஆண்டுகள் வேறு குற்றமின்றி நடந்துகொண்டால், பெரும்பாலான வேலைகளுக்கு அதைப்பற்றிச் சொல்லவே தேவையில்லை. அங்கே இருக்கிற உறவினர்கள் தொலைபேசியில் சொல்லும் ஆறுதல் பெரும்பாலும் இந்தச் சட்டத்தை வைத்துத்தான். இலங்கை விண்ணப்பப் படிவத்துக்கு அது பொருந்தாது. நமது படிவத்தில் ‘எப்போதாவது’ என்று கேட்டிருக்கிறது; அதற்கு எல்லை எதுவும் இல்லை.

அந்தப் படிவத்தின் இறுதியில் உள்ள பிரகடனத்தை உங்கள் மருமகனுக்கு வாசித்துக் காட்டுங்கள். தரப்பட்ட விபரம் பொய்யென்று தெரிவுக்கு முன் தெரியவந்தால் தகைமை இழப்பதற்கும், நியமனத்தின் பின் தெரியவந்தால் நட்டஈடு எதுவுமின்றிச் சேவையிலிருந்து நீக்கப்படுவதற்கும் உடன்பட்டே விண்ணப்பதாரர் அதன் கீழ் ஒப்பமிடுகிறார். எழுதுவினைஞர் தரத்து வேலைக்கு வருகிற ஓர் இளைஞன், விபத்தில்லாத ஒரு வழக்கில் ஒருமுறை தண்டம் கட்டியிருப்பதை நேர்முகப் பரீட்சையில் இருப்பவர்கள் மன்னிக்கக் கூடும். அதே இளைஞன் அதை மறைத்துவிட்டு ஐந்து வருடம் வேலை செய்து, கடன் எடுத்து வீடும் கட்டத் தொடங்கிய பின், ஒரு மொட்டைக் கடிதம் திணைக்களத்துக்குப் போனால் அவனைக் காப்பாற்ற எந்தச் சட்டத்தரணியாலும் இயலாது. நம்முடைய ஊர்களில் மொட்டைக் கடிதத்துக்குப் பஞ்சமில்லை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிராம உத்தியோகத்தர் தருகிற நற்சான்றிதழில் இது இல்லை என்பதும் பாதுகாப்பாகாது. அவர் தாம் அறிந்ததை எழுதுகிறார், நீதிமன்றப் பதிவேட்டைப் பார்த்து எழுதுவதில்லை.

‘ஆம்’ என்று மட்டும் எழுதி நிறுத்துவதும் நல்லதன்று. வெறும் ‘ஆம்’ வாசிப்பவரின் மனத்தில் களவு, அடிதடி, கஞ்சா என்று எதையும் தோற்றுவிக்கலாம். வழக்கு நடந்த நீதிமன்றத்தின் பதிவாளரிடம் விண்ணப்பித்து வழக்கேட்டின் சான்றுப்படுத்தப்பட்ட பிரதியைப் பெறச் சொல்லுங்கள். வழக்கிலக்கம், சட்டப்பிரிவு, திகதி, தண்டம், அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்பட்ட காலம், விபத்தோ காயமோ இல்லை என்ற விபரம், தண்டம் கட்டிய பற்றுச்சீட்டு ஆகியவற்றை ஒரு சிறு இணைப்பாகக் கொடுக்கலாம். நண்பர்கள் வற்புறுத்தினார்கள், அன்றைக்கு மட்டும்தான் குடித்தேன் என்பன போன்ற சமாதானங்கள் அந்தக் கடிதத்தில் வேண்டாம். நேர்முகத்தில் கேட்டால், செய்தது பிழை என்று ஒரு வசனத்தில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குக் காத்திருக்கட்டும்.

எந்த வேலை என்பதும் முக்கியம். பொலிஸ் சேவைக்கோ, அரச நிறுவனமொன்றின் சாரதிப் பதவிக்கோ விண்ணப்பிப்பதாக இருந்தால் இதே தீர்ப்பு மிகக் கடுமையான தடையாகலாம் என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் தலைமையகம் வழங்குகிற நற்சான்றிதழ் கேட்கப்படும். விண்ணப்பதாரர் வசித்த இடங்களின் பொலிஸ் நிலையங்களில் விசாரித்த பின்னரே அது வழங்கப்படுகிறது. மது பொதுவாகத் தடைசெய்யப்பட்ட சவூதி அரேபியாவிலோ குவைத்திலோ சாரதி வேலை தேடுகிறவருக்கு இப்படியொரு பதிவு எவ்வளவு பாரமாகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இன்னும் வழக்கு முடியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 306ஆம் பிரிவு, குற்றச்சாட்டு நிரூபிக்கப்பட்டாலும் எதிரியின் வயது, முன்னொழுக்கம், குற்றத்தின் தன்மை முதலியவற்றைக் கருதி, குற்றத் தீர்ப்புக்குச் செல்லாமலே எச்சரித்தோ நிபந்தனையுடனோ விடுவிக்கும் தற்றுணிபை, அதாவது தாமே முடிவெடுக்கும் அதிகாரத்தை, நீதவானுக்கு வழங்குகிறது. கேட்ட உடனே கிடைக்கிற சலுகையன்று அது. ஆனாலும் தவணையன்று விடியற்காலையில் தனியாகப் போய், கேள்வி முடியுமுன் ‘குற்றவாளி’ என்று தலையாட்டிவிட்டு வருகிறவர்கள், அதற்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் அரைமணி நேரம் பேசியிருக்கலாம்.

கேள்வி: திருக்கோவிலைச் சேர்ந்த தாதி நான். தொழில்முறைத் திட்டத்தில் கனடாவுக்கு விண்ணப்பிக்க எண்ணியுள்ளேன். என் கணவர் 2021 ஓகஸ்டில் மது அருந்தி வாகனம் செலுத்தியதற்காகத் தண்டிக்கப்பட்டார். தண்டத்தை அன்றே கட்டினார். ஆறு மாதம் வாகனம் ஓட்டத் தடையும் இருந்தது. விண்ணப்பம் என்னுடையதுதானே, அவருடைய வழக்கு என்னைப் பாதிக்குமா?

பதில்: பாதிக்கும், சகோதரி. 2018 டிசம்பர் 18 முதல் கனடாவில் இந்தக் குற்றத்துக்கான உச்சத் தண்டனை ஐந்து ஆண்டுகளிலிருந்து பத்து ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. அதனால் குடிவரவுச் சட்டத்தின் பார்வையில் அது பாரதூரமான குற்றமாகிவிட்டது. வெளிநாட்டில் விதிக்கப்பட்ட தீர்ப்பையும், அது கனடாவின் குற்றத்துக்கு ஒப்பானதா என்று பார்த்து, அதே அளவுகோலால் அளக்கிறார்கள். இங்கே தண்டத்தோடும் ஆறு மாதத் தடையோடும் போன விடயம் அங்கே பத்தாண்டுத் தண்டனைக்குரியதாக வாசிக்கப்படுவது உங்களுக்கு விசித்திரமாகத் தோன்றலாம். நிரந்தர வதிவிட விண்ணப்பத்தில் வாழ்க்கைத்துணை அனுமதிக்கப்படாதவராயின், முதன்மை விண்ணப்பதாரரின் விண்ணப்பமும் நிராகரிக்கப்படலாம். அவரை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போவதாக எழுதினாலும் பெரும்பாலும் இது தீராது.

இதற்கு வழி, குற்றப் புனர்வாழ்வு எனப்படும் தனி விண்ணப்பம். தண்டனை முழுவதும் முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே அதைச் செய்யலாம். தண்டம் கட்டிய நாளிலிருந்து எண்ணாதீர்கள். வாகனம் ஓட்டத் தடை நீங்கிய நாளிலிருந்து எண்ண வேண்டும். உங்கள் கணவரின் கணக்கில் அது 2027 பெப்ரவரி. அதுவரை நீதிமன்றப் பதிவுகளையும் பற்றுச்சீட்டுகளையும் சேர்த்து, ஆங்கில மொழிபெயர்ப்பையும் செய்து வைத்திருங்கள்.

கேள்வி: பாசிக்குடாவில் சிறிய விடுதி நடத்துகிறேன். ஒருமுறை மது வழக்கில் தண்டிக்கப்பட்ட நல்ல சாரதி ஒருவரைச் சேர்க்கலாமா?

பதில்: சேர்க்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. இடைநிறுத்தக் காலம் முடிந்து அனுமதிப்பத்திரம் அவர் கைக்குத் திரும்பிவிட்டதா என்பதை அசலைப் பார்த்தே உறுதிசெய்யுங்கள். செல்லுபடியற்ற அனுமதிப்பத்திரத்தோடு அவர் ஓட்டினாலும், மீண்டும் மது அருந்தி ஓட்டினாலும் உங்கள் வாகனச் சேதத்துக்குக் காப்புறுதி நிறுவனம் பணம் தர மறுக்கும். வேலை நேரத்தில் அவர் பிறருக்கு விளைவிக்கும் சேதத்துக்கு முதலாளி என்ற முறையில் நீங்களும் பதில்சொல்ல வேண்டியவர். நியமனக் கடிதத்தில் மதுவைப் பற்றிய நிபந்தனையைத் தமிழிலேயே தெளிவாக எழுதி அவரிடம் ஒப்பம் வாங்குங்கள். முதல் சில மாதங்களுக்குக் கட்டுநாயக்கவுக்கான இரவுப் பயணத்தை வேறொருவருக்குக் கொடுத்து, வாழைச்சேனைக்கும் மட்டக்களப்பு நகருக்குமான பகல் ஓட்டத்தில் அவரை வைத்துப் பாருங்கள்.