கோபே போர்ட் டவர்: ஹருகாஸ் பார்த்தவர்கள் இதிலும் ஏற வேண்டுமா?

கேள்வி: நானும் அம்மாவும் ஒசாகாவில் நான்கு நாள் தங்கப்போகிறோம். அங்கே 300 மீட்டர் உயரக் கட்டடமான அபெனோ ஹருகாஸுக்குப் போவது முடிவாகிவிட்டது. பக்கத்துத் துறைமுக நகரமான கோபேயில் ஒரு மதியமும் மாலையும்தான் இருப்போம். அங்குள்ள சிவப்புக் கோபுரத்துக்கும் காசு கொடுத்து ஏற வேண்டுமா? எந்த நேரத்தில் போகலாம்? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு.

பதில்: உயரம்தான் கணக்கு என்றால் வேண்டாம். கோபே போர்ட் டவர் வெறும் 108 மீட்டர். ஹருகாஸில் நின்றுவிட்டு வந்தவர்களுக்கு அது ஒரு உயரமாகவே தோன்றாது. ஆனாலும் ஏறுங்கள் என்றுதான் சொல்வேன். ஹருகாஸிலிருந்து கீழே பார்த்தால் பெரும்பாலும் கட்டடங்கள்தான். கோபே அப்படியில்லை. வடக்கே ரொக்கோ மலைத்தொடர் சுவர் மாதிரி எழுந்து நிற்கிறது, தெற்கே ஒசாகா விரிகுடா. இடையில் கிடைத்த ஒடுக்கமான நிலத்தில்தான் நகரமே இருக்கிறது. கோபுரம் நிற்பது கடலோரத்தில் என்பதால், நின்ற இடத்திலேயே திரும்பினால் மலையும் கடலும் இரண்டும் கிடைத்துவிடும். உயரம் குறைவாக இருப்பதும் ஒரு வசதி. கப்பலின் மேல்தளத்தில் நடப்பவர்கள்கூடத் தெரிவார்கள்.

தெற்கே பார்க்கும்போது பாலத்துக்கு அப்பால் தெரியும் பெரிய தீவைக் கவனியுங்கள். அது போர்ட் ஐலண்ட். இயற்கையான தீவில்லை. நகரத்தில் இடமில்லாமல் போனதால் மேற்கே சுமா பக்கத்து மலைகளை வெட்டி, மண்ணைக் கன்வேயர் பெல்ட்டில் கடற்கரைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து படகில் ஏற்றிக் கடலில் கொட்டினார்கள். 1966இல் தொடங்கிய வேலையின் முதல் கட்டம் 1981இல் முடிந்தது. மலையை வெட்டிய இடத்தில் குடியிருப்புகள், மண் கொட்டிய இடத்தில் துறைமுகம் என்று ஒரே வேலையில் இரண்டு ஆதாயம். அதற்கும் தெற்கே இன்னொரு செயற்கைத் தீவில் 2006இல் விமான நிலையமும் வந்துவிட்டது. இது தெரியாமல் ஏறினால் அங்கே நான்கு கிரேன்களைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவோம்.

கோபுரத்தையும் ஒரு நிமிடம் கீழே நின்று பாருங்கள். 1963இல் கட்டியது. இடுப்பு ஒடுங்கி, மேலும் கீழும் விரிந்து, நம் உடுக்கை போல இருக்கும். சுற்றியுள்ள 32 சிவப்புக் குழாய்களும் வளைந்தவை போலத் தெரிந்தாலும் எல்லாம் நேர்க்குழாய்கள்தான். சாய்த்து, ஒன்றுக்கொன்று குறுக்காக நிறுத்தியதால் அந்த வளைவு வருகிறது. 1995 ஜனவரி 17 நிலநடுக்கத்தில் துறைமுகம் நொறுங்கியபோதும் கோபுரம் நின்றது. பக்கத்து மெரிக்கன் பூங்காவில், அன்று உடைந்து அமிழ்ந்த கரையில் கொஞ்சத்தைச் சாய்ந்த விளக்குக் கம்பங்களோடு அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். பார்க்கக் கட்டணம் இல்லை. என்னைக் கேட்டால், கோபுரத்துக்கு நேரமில்லாதவர்கள்கூட அதைத் தவிர்க்கக் கூடாது.

நேரம் என்றால், சூரியன் மறைவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் மேலே இருங்கள். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், ஜூன் கடைசியில் ஏழேகால் ஆகும். பகல் வெளிச்சத்தில் தீவு, கப்பல், மலை எல்லாம் பார்த்து முடிப்பதற்குள் விளக்குகள் எரியத் தொடங்கும். இருட்டியதும் வடக்கே மலைச்சரிவில் நங்கூர வடிவிலும் நகரச் சின்ன வடிவிலும் விளக்குகள் தெரியும். பலர் கடல் பக்கமே நின்றுகொண்டு இதைக் கோட்டைவிடுகிறார்கள்.

டிக்கெட்டில் இரண்டு வகை. புதுப்பிக்கும் வேலைக்காக 2021இல் மூடிய கோபுரத்தை 2024 ஏப்ரலில் மறுபடி திறந்தபோது, உள்ளே இருக்கும் பார்வைத் தளங்களுக்கு மட்டும் 1,000 யென், திறந்தவெளி மொட்டைமாடியும் சேர்த்து 1,200 யென் என்று வைத்தார்கள். கிளம்பும் முன் கோபுரத்தின் இணையதளத்தில் இன்றைய விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். காற்று பலமாக இருந்தாலோ மழை பெய்தாலோ மொட்டைமாடியை மூடிவிடுவார்கள், அப்படிப்பட்ட நாளில் விலை கூடிய டிக்கெட் வீண்.

அம்மாவுக்கு முதல் வகையே போதும். பார்வைத் தளங்கள் ஐந்து மாடிகளாக இருக்கின்றன. எல்லாவற்றையும் அவர் ஏறி இறங்கிப் பார்க்க வேண்டியதில்லை. மூன்றாவது தளத்தில் ஒரு காபிக்கடை இருக்கிறது, அதன் தரை மெல்லச் சுழலும். ஒரு காபியோடு உட்கார்ந்துவிட்டால் மலையும் கடலும் தாமே அவர் முன்னால் வந்து போகும். நீங்கள் மொட்டைமாடிக்குப் போய்வாருங்கள்.

செலவு யோசனையாக இருந்தால் ஒரு மாற்றும் உண்டு. நகர மையமான சன்னோமியாவில் கோபே மாநகராட்சிக் கட்டடத்தின் 24ஆம் மாடிக்குப் போய் இலவசமாகவே நகரத்தைப் பார்க்கலாம், உயரமும் ஏறக்குறைய 100 மீட்டர். ஆனால் அது கடலைவிட்டுத் தள்ளி இருக்கிறது, கண்ணாடிக்கு உள்ளிருந்துதான் பார்க்க வேண்டும். கப்பல்களை இவ்வளவு பக்கத்தில் பார்க்க முடியாது.

போகும் வழி: ஒசாகா-உமேதாவிலிருந்து ஹான்ஷின் ரயிலில் நேராக மோதொமாச்சி. அங்கிருந்து தெற்கே, சீனர் தெருவான நான்கின்மாச்சி வழியாகக் கால் மணி நேர நடை. அங்கே ஆவி பறக்கும் பன்னைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள், உள்ளே பெரும்பாலும் பன்றி இறைச்சி இருக்கும். அம்மா சைவம் என்றால் கோபேயிலேயே கிதானோ என்ற பகுதியில் இந்திய உணவகங்கள் உண்டு. இந்திய வணிகர்கள் பல தலைமுறைகளாக வாழும் ஊர் இது, கிதானோவில் ஒரு ஜைனக் கோயிலே இருக்கிறது.

திரும்பும்போது அதே வழியில் வர வேண்டாம். கரையோரமாக ஹார்பர்லாண்ட் என்ற கடைவீதிப் பகுதி பக்கம் நடந்தால் விளக்கேற்றிய கோபுரத்தைத் தண்ணீருக்கு எதிர்ப்புறமிருந்து படம் எடுக்கலாம். அப்புறம் அங்கிருந்து ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) கோபே நிலையம் பக்கம்தான். ஷின்கைசோக்கு என்ற வேக ரயில் அங்கே நிற்கும். அரை மணி நேரத்துக்குள் ஒசாகா வந்துவிடலாம், தனிக் கட்டணமும் கிடையாது.