சட்டம் படிக்கிற பிள்ளைகளின் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சட்டம் படிக்கிறவர்களுடையவை. எல்லாவற்றையும் போட இடமில்லை. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து ஐந்து பேருக்குப் பதில் எழுதுகிறேன்.

நான் யாழ். பல்கலைக்கழகத்தில் சட்டம் இரண்டாம் வருடம். உயர்தரத்தில் மூன்று ஏ. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையை முதலிலிருந்து கடைசி வரை பாடமாக்கி, மேலதிகத் தாள் வாங்கி எழுதினேன். 41 புள்ளிதான் வந்தது. எங்கே பிழை விட்டேன்?
*சண்டிலிப்பாய் வாசகி*

பிள்ளை, நீங்கள் படித்ததில் பிழையே இல்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடமும் ரியூஷனும் பழக்கிவிட்ட எழுத்துமுறையில்தான் பிழை. உயர்தரத்தில் தெரிந்ததெல்லாம் எழுதினால் புள்ளி கிடைக்கும். சட்டத்தில் கேட்டதற்கு எழுதினால்தான் கிடைக்கும்.

ஒரு கேள்வியை எடுத்துப் பார்ப்போம். கமலாவுக்கு மானிப்பாயில் சீதனக் காணி கிடைக்கிறது. கல்யாணம் முடிந்து ஏழு வருடம் கழித்து அந்தக் காணியை விற்று, அந்தக் காசில் நல்லூரில் வீடு வாங்குகிறா. உறுதி அவவின் பெயரில். பிள்ளைகள் இல்லை. உயில் எழுதாமல் கமலா இறந்துவிடுகிறா. வீட்டில் பாதி தனக்கு என்கிறார் கணவர், முழுக்கத் தங்களுக்கே என்கிறார் கமலாவின் தம்பி. தம்பிக்கு ஆலோசனை கூறுக.

இதற்கு நீங்கள் எப்படித் தொடங்கியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அப்படியான விடைத்தாள்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் தேசவழமையைத் தொகுத்தார், 1806இல் பிரித்தானியர் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட அந்தஸ்துக் கொடுத்தார்கள், சொத்து முதுசம், உரிமை, தேடியதேட்டம் என மூவகைப்படும். எல்லாம் சரி. ஆனால் ஒன்றரைப் பக்கம் போய்விட்டது, கமலாவின் தம்பி இன்னும் வாசலில் நிற்கிறார்.

தம்பிக்கு வேண்டியது ஒன்றுதான்: அந்த வீடு தேடியதேட்டமா, இல்லையா? தேடியதேட்டம் என்றால்தான் கணவருக்குப் பாதி. அதை முதல் வரியிலேயே எழுதுங்கள். அடுத்து சட்டம். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, 1947இல் திருத்தப்பட்ட வடிவத்தில். கல்யாண காலத்தில் பெறுமதி கொடுத்து வாங்கிய சொத்துத் தேடியதேட்டம், ஆனால் கொடுத்த அந்தப் பெறுமதி அவரவரின் தனிச் சொத்தின் பகுதியாகவோ அதற்கு ஈடாகவோ இருக்கக்கூடாது. அதன்பிறகு அந்தப் பிரிவைக் கொண்டுபோய்க் கதையில் வையுங்கள். வீடு கல்யாண காலத்தில் வாங்கியது, சரி. காசு எங்கேயிருந்து வந்தது? சீதனக் காணியிலிருந்து. சீதனம் அவவின் தனிச் சொத்து. ஆகவே வீடு தேடியதேட்டம் ஆகாது, கணவரின் பாதிக் கோரிக்கை நிற்காது. இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள் முடியும். மிச்ச நேரத்தில், காசில் ஒரு பங்கு கமலாவின் சம்பளத்திலிருந்து போயிருந்தால் என்ன என்று நாலு வரி எழுதினால், திருத்துகிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

கேள்வியில் உள்ள ஒவ்வொரு தகவலும் ஒரு காரணத்துக்காகத்தான் அங்கே இருக்கிறது. ‘சீதன’ என்ற சொல்லில்தான் முழுக் கேள்வியும் தொங்குகிறது. ‘உறுதி அவவின் பெயரில்’ என்பது உங்களைத் தடுமாற வைக்கப் போட்டது. பேனை பிடிக்க முதல் ஐந்து நிமிடம் கேள்வியைக் கோடிட்டு வாசியுங்கள். மூன்று மணித்தியாலத்தில் ஐந்து கேள்வி என்றால் ஒன்றுக்கு 36 நிமிடம், அதில் ஐந்து போனாலும் 31 இருக்கிறது.

இன்னொன்று. இதை வாசித்ததால் மட்டும் கை பழகாது. முழு விரிவுரையும் முடிந்த பிறகு கடந்தகால வினாத்தாளைத் தொடுவோம் என்று எல்லாரும் ஒதுக்கி வைக்கிறார்கள், அதுதான் பெரிய இழப்பு. முதல் அத்தியாயம் முடிந்த கிழமையே அந்த அத்தியாயத்தில் வந்த ஒரு பழைய கேள்வியை மணிக்கூட்டை வைத்து எழுதுங்கள். மோசமாகத்தான் வரும், வரட்டும்.

சட்டப் பிரிவு இலக்கங்கள் மனதில் நிற்கவில்லை. யூடியூப்பில் தமிழில் நல்ல விளக்கங்கள் இருக்கின்றன, அவற்றைப் பார்த்துப் படிக்கலாமா?
*கிளிநொச்சி வாசகர்*

பார்க்கலாம் தம்பி, ஆனால் அது எந்த நாட்டுச் சட்டம் என்பதை முதலில் பாருங்கள். தமிழில் வருகிற சட்ட வீடியோக்களில் பெரும்பாலானவை இந்தியச் சட்டம். கொலை என்றால் எங்கள் பிள்ளைகளின் வாயில் 302 என்றுதான் வருகிறது, படம் பார்த்துப் பழகிய இலக்கம் அது. எங்கள் தண்டனைச் சட்டக்கோவையில், அதாவது 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில், கொலைக்கு வரைவிலக்கணம் 294, தண்டனை 296. களவு அங்கே 2024 வரை 378, இங்கே 366. இலங்கைப் பரீட்சையில் 302 என்று எழுதினால், இந்தப் பிள்ளை எங்கள் சட்டக்கோவையைத் திறந்தே பார்க்கவில்லை என்றுதான் திருத்துகிறவர் நினைப்பார்.

சான்றுக் கட்டளைச் சட்டம் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. 1895ஆம் ஆண்டின் எங்கள் 14ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் 1872ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தைப் பின்பற்றி வந்தது, முக்கியமான பிரிவுகளின் இலக்கங்களும் ஒத்துப்போகும். அதனால் பழைய இந்தியப் புத்தகம் எங்களுக்கு உதவியது. ஆனால் 2024 ஜூலை 1இலிருந்து இந்தியாவில் அந்தச் சட்டமே இல்லை, புதிய சட்டமும் புதிய இலக்கங்களும் வந்துவிட்டன. பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராகச் சான்றாக்கக்கூடாது என்பது எங்களுக்கு 25ஆம் பிரிவு, அங்கே இப்போது 23. ஆகவே புதிய வீடியோவைப் பார்த்து இலக்கத்தைக் கொப்பியில் எழுதாதீர்கள்.

மனதில் நிற்பதற்கு நான் சொல்லக்கூடிய வழி, இலக்கத்தைப் பாடமாக்காமல் பிரிவை உடைத்துப் பார்ப்பது. 32ஆம் பிரிவின் முதலாம் உட்பிரிவை, மரண வாக்குமூலத்தை, எடுங்கள். சொன்னவர் இறந்திருக்க வேண்டும். சொன்னது அவரின் மரணத்தின் காரணத்தைப் பற்றியோ, மரணத்தில் முடிந்த சம்பவத்தின் சூழ்நிலையைப் பற்றியோ இருக்க வேண்டும். அந்த வழக்கில் மரணத்தின் காரணம் கேள்விக்கு வர வேண்டும். சொல்லும்போது ‘நான் சாகப்போகிறேன்’ என்ற எண்ணம் இருந்திருக்க வேண்டுமா? பழைய ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் வேண்டியிருந்தது, எங்கள் சட்டத்தில் வேண்டாம். இப்படி ஒவ்வொரு பிரிவையும் நாலைந்து கேள்வியாக மாற்றி ஒரு சின்ன அட்டையில் எழுதி வைத்து, பஸ்ஸில் போகும்போது எடுத்து உங்களையே கேளுங்கள். இலக்கம் தானாக ஒட்டிக்கொள்ளும்.

சட்டக் கல்லூரிக்காகக் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் தங்கியிருக்கிறேன். ஆங்கிலத் தீர்ப்புகளை வாசிக்க எடுத்தால் இரண்டு பக்கத்திலேயே களைத்துவிடுகிறேன். தமிழில் மட்டும் படித்துத் தப்ப முடியாதா?
*வெள்ளவத்தையிலிருந்து ஒரு வவுனியா மாணவி*

பரீட்சையை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவது பற்றி 2020 இறுதியில் ஒழுங்குவிதி வந்ததும், 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அதை நிராகரித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். தமிழில் எழுதுகிற உரிமைக்காக நானும் வாதாடுவேன். ஆனால் எந்த மொழியில் எழுதினாலும் மேல் நீதிமன்றங்களின் தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கிடக்கின்றன. பழைய என்.எல்.ஆர் என்கிற தீர்ப்புத் தொகுதிகளைத் திறக்காமல் சட்டத்தரணியாக வாழ முடியாது. ஆகவே தப்புகிற வழியைத் தேட வேண்டாம், களைக்காமல் வாசிக்கிற வழியைத் தேடுவோம்.

தீர்ப்பை முதல் பக்கத்திலிருந்து நேராக வாசிக்காதீர்கள். முதலில் வழக்காளி யார், என்ன கேட்கிறார் என்று மட்டும் தேடுங்கள். அப்புறம் கடைசிப் பந்திக்குப் போங்கள், கிடைத்ததா இல்லையா? இப்போது நடுவில் உள்ளதெல்லாம் ‘ஏன்’ என்ற ஒரே கேள்விக்கான பதில். அந்தப் பதிலை ஐந்து வரியில், தமிழிலேயே, உங்கள் சொந்தச் சொல்லில் எழுதுங்கள். விரிவுரையாளரின் குறிப்பைப் பார்த்து எழுதினால் இந்த வேலை நடக்கவே நடக்காது.

1918இல், அந்தக் காலத்தில் எங்கள் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் தீர்த்த ஜயவிக்கிரம எதிர் அமரசூரிய வழக்கிலிருந்து தொடங்குங்கள். ஒரு சகோதரன் சகோதரிக்குக் காசு தருவதாகக் கொடுத்த வாக்குறுதி. ஆங்கிலச் சட்டத்தில் ஒரு வாக்குறுதி செல்ல மறுபயன் வேண்டும், பதிலுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். எங்கள் ஒப்பந்தச் சட்டத்தின் அடித்தளம் உரோம டச்சுச் சட்டம், அங்கே நியாயமான காரணம் ஒன்று இருந்தால் போதும். லண்டன் பாடப்புத்தகத்தை வைத்துப் படிக்கிற பிள்ளைகள் எல்லா ஒப்பந்தக் கேள்விக்கும் மறுபயன், மறுபயன் என்று எழுதி மாட்டுவது இந்த இடத்தில்தான். குடும்பக் கதை என்பதால் இந்த வழக்கு மனதில் தங்கும்.

கிழமைக்கு ஒரு தீர்ப்பு முழுதாகப் போதும். வெறும் வழக்குப் பெயர்கள் நாற்பதைப் பாடமாக்குவதைவிட, காரணம் தெரிந்த பத்து வழக்கு உங்களைக் காப்பாற்றும்.

நான் ஆசிரியை, இரண்டு பிள்ளைகள். திறந்த பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறேன். இரவு ஒன்பதரைக்குப் பிறகு ஒரு மணித்தியாலம்தான் எனக்கு. இது காணுமா?
*உரும்பிராய் வாசகி*

காணும் ரீச்சர், ஆனால் அந்த மணித்தியாலத்தில் குறிப்பு எழுத உட்காராதீர்கள். பகல் முழுக்கக் கரும்பலகையில் எழுதிவிட்டு இரவு மறுபடி பார்த்து எழுதினால் கைதான் வேலை செய்யும், மூளை நித்திரை கொள்ளும். புத்தகத்தை மூடிவிட்டு, நேற்றுப் படித்ததை வகுப்பில் சொல்லிக்கொடுப்பது போல வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், தடக்குகிற இடத்தில் மட்டும் புத்தகத்தைத் திறவுங்கள். சொல்லிக்கொடுக்கத் தெரிந்த உங்களுக்கு இது மற்ற மாணவர்களைவிட லேசு.

பள்ளிக்கூட விடுமுறையில் இரண்டு நாள் நீதவான் நீதிமன்றத்துக்குப் போய்ப் பின்வாங்கில் இருங்கள். திறந்த நீதிமன்றம், வழக்கும் தமிழில்தான் நடக்கும். நான் மாணவனாக இருந்தபோது அப்படி இருந்த ஒரு காலையில், சாட்சிக் கூண்டில் நின்ற பொலிஸ் உத்தியோகத்தர் ‘எதிரி தானே எடுத்ததாக என்னிடம் சொன்னார்’ என்று தொடங்கியதும் எதிரியின் சட்டத்தரணி எழும்பினார். அவர் இலக்கம் சொல்லி முடிக்க முதலே நீதவான் கையை உயர்த்தி அந்த வசனத்தைப் பதியாமல் நிறுத்திவிட்டார். நீதிமன்றத் தட்டெழுத்தாளர் தட்டச்சில் வைத்த விரலை எடுத்தார். மூன்று மாதமாகப் பாடமாக்கியும் குழம்பிய 25ஆம் பிரிவு அன்றைக்கு அரை நிமிடத்தில் விளங்கியது. பிணை விண்ணப்பங்களையும் கேளுங்கள், 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டம் எப்படிப் பேசப்படுகிறது என்று அங்கேதான் தெரியும்.

இறுதி வருடப் பரீட்சையில் இரண்டு பாடம் போய்விட்டது. அப்பா கதைக்கிறார் இல்லை. அடுத்த முறைக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.
*பருத்தித்துறை வாசகர்*

தம்பி, எனக்கும் ஒரு பாடம் போனது. சான்றுச் சட்டம். ரயிலில் யாழ்ப்பாணம் வந்து இறங்கி, வீட்டுப் படலையில் அம்மா கேட்பா என்ற பயத்தில் சந்திக் கடையில் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டுத்தான் போனேன். அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அப்பா கதைக்காமல் இருப்பது கோபத்தில் இல்லை, என்ன கதைப்பது என்று தெரியாமல்தான் என்று நினைக்கிறேன். நீங்களே போய், எந்த இரண்டு பாடம், எப்போது அடுத்த பரீட்சை, என்ன செய்யப்போகிறேன் என்று மூன்று வசனம் சொல்லுங்கள்.

முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. அடுத்த முறைக்கு நான் செய்த பெரிய பிழை அதுதான், அதே கொப்பியை அதே பக்கத்திலிருந்து மறுபடி வாசித்தேன். பரிச்சயமான பக்கம் என்பதால் எல்லாம் தெரிந்தது போல இருந்தது. பரீட்சைக்கு ஆறு கிழமை இருக்கும்போது ஒரு மூத்த சட்டத்தரணி என் கொப்பியை வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, நான் தவறவிட்ட வினாத்தாளைக் கேட்டார். எந்தக் கேள்வியை ஏன் தெரிவு செய்தேன், எதில் நேரம் போனது, எதை எழுதாமல் விட்டேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பார்த்தால் எனக்குச் சட்டம் தெரியாமல் இல்லை. முதல் இரண்டு கேள்விக்கு ஒன்றரை மணித்தியாலம் கொடுத்து, கடைசிக் கேள்விக்கு ஏழு வரி எழுதியிருந்தேன்.

உங்கள் இரண்டு வினாத்தாளையும் எடுங்கள். இரண்டிலும் ஒவ்வொரு கேள்வியை 36 நிமிடத்தில் எழுதி, நேரம் முடிந்த இடத்தில் ஒரு கோடு போட்டு, இதே பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள். திருத்தி, சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்புகிறேன். கோட்டுக்குக் கீழே எதையும் சேர்க்க வேண்டாம்.