கைப்பழக்கமும் கஞ்சித் தண்ணீரும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 26. மன்னார்குடி பக்கம் கிராமம், சொந்த நிலத்தில் விவசாயம். பதினான்கு வயதிலிருந்து கைப்பழக்கம் உண்டு, வாரம் மூன்று முறை. ஆறு மாதமாக உடம்பில் தெம்பே இல்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. விந்து நீர்த்துவிட்டது. சில நாள் சிறுநீர் கஞ்சித் தண்ணீர் போலப் போகிறது, அதிலும் விசேஷ வீட்டில் சாப்பிட்டு வந்தால். தஞ்சாவூரில் மாதம் ஒருமுறை லாட்ஜுக்கு வரும் வைத்தியர், “நாற்பது சொட்டு ரத்தம் சேர்ந்துதான் ஒரு சொட்டு விந்து, எல்லாம் சிறுநீரில் போகிறது, ஆயுர்வேதமே சொல்கிறது” என்று ஒரு மண்டலத்துக்கு லேகியமும் பொடியும் கொடுத்தார். ஒன்பதாயிரம் ரூபாய். தையில் கல்யாணம். நிறுத்திவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன்.

பெயர் வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

கல்யாணத்தை நிறுத்த வேண்டாம். பொடியை நிறுத்துங்கள்.

அந்த நாற்பது சொட்டுக் கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். ஒரு முறை வெளியேறுவது சுமார் 3 மில்லி. மில்லிக்கு 20 சொட்டு என்றால் 60 சொட்டு. அதற்கு 2400 சொட்டு ரத்தம், அதாவது 120 மில்லி. வாரம் மூன்று முறைக்கு 360 மில்லி. ரத்த தானத்தில் எடுப்பதே 350 மில்லிதான், அதையும் ஆண்களிடம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவைக்கு மேல் எடுப்பதில்லை. நீங்கள் பன்னிரண்டு வருடமாக வாராவாரம் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்! சரகம், சுசுருதம் என்ற ஆயுர்வேத மூல நூல்களில் இந்தக் கணக்கு கிடையாது. விந்தில் பெரும்பங்கு விந்துப்பை சுரக்கும் நீர், அடுத்தது சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பியின் நீர். விரையிலிருந்து வரும் உயிரணுக்கள் நூற்றில் ஐந்து பங்குக்குள் அடங்கிவிடும். மொத்தப் புரதம் கால் கிராம்கூட இல்லை, ஒரு கோழிமுட்டையில் 6 கிராம் இருக்கிறது.

நீர்த்துப் போவது அதன் இயல்பு. வெளியே வரும்போது கூழாக இருக்கும். புரோஸ்டேட் நீரிலுள்ள நொதி வேலை செய்து ஒரு மணி நேரத்துக்குள் தண்ணீராக்கிவிடும். அப்படி ஆகாவிட்டால்தான் ஆய்வகத்தில் குறை என்று எழுதுவார்கள். அடுத்தடுத்துப் போனால் அளவு குறையும், இரண்டு மூன்று நாளில் பழையபடி வந்துவிடும்.

ஆயுர்வேதம் என்ன சொல்கிறது என்பதையும் முழுதாகவே பார்க்கலாம். உண்ட உணவு ரசமாகி, ரத்தம், மாமிசம், மேதஸ், அஸ்தி, மஜ்ஜை என்று போய்க் கடைசியில் சுக்கிலம், அதாவது விந்து ஆகிறது. சித்த மருத்துவத்தில் சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம். உடலைக் கட்டும் இந்த ஏழு தாதுக்களில் கடைசி என்பதால் அதற்கு மதிப்பு. அளவு மீறினால் வாய் உலரும், வெளிறும், சோர்வு வரும் என்று எழுதியிருக்கிறார்கள். பெண்ணோடு கூடாமல் வெளியேற்றுவதை அவர்கள் ஏற்கவும் இல்லை. ஆனால் கூடலுக்கு அவர்கள் சொல்லும் அளவைப் பாருங்கள்: அஷ்டாங்க ஹிருதயம் என்ற ஆயுர்வேத நூல் குளிர்காலத்தில் விருப்பம்போல என்கிறது. வசந்தத்திலும் சரத்காலத்திலும் மூன்று நாளுக்கு ஒருமுறை, கோடையிலும் மழைக்காலத்திலும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. வெளியேறும் விந்து உயிரைக் குடிப்பது என்றால் மார்கழியில் இப்படித் தாராளம் காட்டுவார்களா? அடக்கக்கூடாத வேகங்கள் என்று சரகர் பதின்மூன்றும் நம் சித்தர்கள் பதினான்கும் சொல்கிறார்கள். மலம், சிறுநீர், தும்மலோடு விந்தும் அந்தப் பட்டியலில் உண்டு. கிளம்பிய வேகத்தை அடக்கினால் குறியிலும் விரையிலும் வலி, உடம்பு வலி, சிறுநீர் அடைப்பு வரும் என்கிறார் சரகர். லாட்ஜ் வைத்தியர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை. (இந்தப் பயம் நம் ஊர்ச் சரக்கு மட்டுமல்ல. 1760-இல் திசோ என்ற சுவிஸ் மருத்துவர் இதையே எழுதி ஐரோப்பா முழுவதையும் நடுங்க வைத்தார்.)

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது சிறுநீர்தான். அது விந்தாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அடுத்த முறை கலங்கிப் போகும்போது ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து, வெள்ளை வினிகர் ஒரு தேக்கரண்டி விடுங்கள். உடனே தெளிந்தால் பாஸ்பேட் உப்பு. சாப்பிட்ட பிறகு சிறுநீர் அமிலம் குறைந்து காரத்தன்மை அடையும்போது அது படியும், ஒன்றும் செய்யாது, தண்ணீர் கூடக் குடித்தால் போதும். தெளியாமல், எரிச்சலும் நாற்றமும் இருந்தால் கிருமித்தொற்று. மலச்சிக்கலில் முக்கும்போது கடைசியில் வழவழப்பாக ஒரு சொட்டு வந்தால் அது புரோஸ்டேட் நீர்.

தெளியவும் இல்லை, பால் போலவே நிற்கிறது, வைத்திருந்தால் மேலே ஆடை படிகிறது அல்லது தயிர்போலக் கட்டி விழுகிறது என்றால் விஷயம் வேறு. கும்பகோணம் என்றாலே யானைக்கால் என்று பேசிய காலம் ஒன்று இருந்தது. அந்த நோயைத் தரும் ஃபைலேரியா புழு நிணநீர்க் குழாய்களை அடைத்துப் பழுதாக்கிவிட்டால், குடலிலிருந்து கொழுப்பைச் சுமந்து போகும் நிணநீர் சிறுநீரில் கசியும். கால் வீங்காதவர்களுக்கும் இது வரலாம். நெய்யும் வடையும் பாயசமும் சாப்பிட்ட அன்றைக்கு வெள்ளை கூடும். புரதமும் கொழுப்பும் அதிலேயே போவதால் உடம்பு இளைக்கும். உங்கள் சோர்வுக்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம், கைப்பழக்கம் அல்ல.

மூச்சு வாங்குவதற்கு முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். ஆணுக்கு 13-க்குக் கீழே போனால் ரத்தசோகை. சேற்றில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்குக் கொக்கிப்புழு பாதத்தின் வழியாக ஏறிக் குடலில் உட்கார்ந்து ரத்தம் குடிக்கும். வைத்தியர் சொன்ன ரத்த நஷ்டம் இருந்தாலும் இந்த வழியில்தான் இருக்கும். அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரு மாத்திரை, பிறகு சில மாதம் இரும்புச்சத்து மாத்திரை. கூடவே சர்க்கரையும் தைராய்டும் பார்த்துவிடுங்கள்.

கைப்பழக்கத்தில் உண்மையாகக் கவனிக்க வேண்டியது வேறு. குப்புறப் படுத்துத் தேய்ப்பது, இறுக்கிப் பிடிப்பது பழகிவிட்டால் மனைவியோடு சேரும்போது உச்சம் வராமல் இழுக்கும். பிடியைத் தளர்த்துங்கள், நிதானமாகச் செய்யுங்கள், சில வாரத்தில் மாறும். தேங்காய் எண்ணெய் தடவலாம். ஆணுறையோடு மட்டும் கூடாது, ரப்பர் கிழிந்துவிடும். முன்தோல் பின்னால் போய் மாட்டிக்கொண்டு திரும்பாவிட்டாலும், ‘டொக்’கென்ற சத்தத்தோடு குறி வீங்கினாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெட்கப்பட்டு விடிய விடியக் காத்திருந்துதான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள்.

பொடியைக் கொட்டிவிடாதீர்கள். இப்படிப்பட்ட ‘மூலிகை’ப் பொடிகளில் விறைப்புக்குக் கொடுக்கும் சில்டெனஃபில் மாத்திரையைப் பொடித்துக் கலந்து விற்றுப் பலமுறை பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையோடு அது சேர்ந்தால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போகும். ஆண்மைக்கு என்று மருந்து விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பொட்டலத்தோடு தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள். நேரில் பேசக் கூச்சமாக இருந்தால் முதலில் 104 என்ற மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.

சிறுநீரைக் காலையில் வெறும் வயிற்றில் கொடுத்துவிடாதீர்கள். தெளிவாக இருக்கும், ‘நார்மல்’ என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். நெய்ச் சோறு சாப்பிட்டு, வெள்ளையாகப் போகிற வேளையில் பிடித்துக் கொடுங்கள்.