முள்திருக்கையின் தோலை விற்கலாமா?

மண்டபம் பக்கத்து வாசகர் ஒருவர், தம் தந்தையின் திருக்கை வலையில் முதுகெல்லாம் முள்ளாக ஒரு திருக்கை சிக்கி இறந்துவிட்டதாகவும், அது இப்போது ஐஸ் பெட்டியில் இருப்பதாகவும், தோலுக்குத் தனி விலை தருவதாகச் சொல்லும் தரகரிடம் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

கொடுக்கக் கூடாது. நீங்கள் விவரிப்பது முள்திருக்கை (யூரோஜிம்னஸ் ஆஸ்பெரிமஸ்). பவளப்பார்களை ஒட்டிய மணலிலும் கடற்புல் வெளியிலும் புழுக்களையும் நண்டுகளையும் தின்று வாழும் இதன் முதுகு பலாத்தோல் போல முள்ளடர்ந்தது. முற்காலத்தில் இத்தோலை வாளின் கைப்பிடிக்கும் கேடயத்துக்கும் போர்த்தினார்கள். 2001 முதல் இது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புப் பெறும் உயிர்களின் பட்டியலில், இருக்கிறது. குற்றம் உறுதியானால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு.

அடையாளத்தில் மட்டும் கவனம் தேவை. இதன் வாலில் நச்சுமுள் கிடையாது. ஆனால் வால் மொட்டையாக இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மற்றத் திருக்கைகளின் நச்சுமுள்ளைப் படகிலேயே வெட்டிவிடுவது வழக்கம் என்பதால், வெட்டிய அடி தெரிகிறதா என்று பாருங்கள். மற்றச் சில திருக்கைகளிலும் நடுமுதுகில் ஒரு வரிசை முள் இருக்கும். இதற்கோ முதுகு முழுவதும் பரவியிருக்கும். குட்டிகளுக்கு முள் முளைத்திருக்காது; ஆகவே வழுவழுப்பான முதுகைக் கண்டு இது வேறு மீன் என்று தீர்மானித்துவிடவும் கூடாது.

தரகர்கள் சொல்லும் பொய்கள் எனக்குப் பழகியவை. இறந்த மீனை விற்றால் குற்றமில்லை என்பார்கள், தோல் மீனாகாது என்பார்கள், இரண்டும் எடுபடாவிட்டால் 'பர்மிட்' எடுத்துத் தருகிறேன் என்று முன்பணத்தை நீட்டுவார்கள். இந்தத் தோல் வியாபாரத்துக்கு அப்படி ஒரு பர்மிட் கிடையாது. செத்த மீனின் தோலையும் சேர்த்தே சட்டம் தடுக்கிறது. சோதனை வரும்போது அகப்படுவது சரக்கைக் கையில் வைத்திருக்கும் மீனவர்தான். தரகரின் பெயர் எந்தத் தாளிலும் இராது.

இந்தத் தடை வந்து இத்தனை ஆண்டுகளாகியும், நான் போய்வந்த ஏலக்கூடங்கள் பலவற்றில் இம்மீனின் படத்தோடு தமிழில் ஓர் அறிவிப்புப் பலகைகூட இல்லை. சொல்லித்தராமல் தண்டிப்பது எந்த நியாயத்தில் சேரும்?

மீனை அறுக்காதீர்கள். பிடிபட்ட நாள், இடம், வலை ஆகியவற்றை எழுதி, வழக்கறிஞர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு வனச்சரக அலுவலகத்தில் கொடுங்கள். மீன்வளத் துறைக்குப் போகச் சொல்லி அலைக்கழித்தாலும், நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்காமல் திரும்பாதீர்கள். இனி உயிரோடு சிக்கினால், படகில் ஏற்றாமல் தண்ணீரிலேயே வைத்து வலைக்கண்ணை அறுத்துவிடுங்கள். முதுகில் வெறுங்கை பட்டால் உள்ளங்கை கிழிந்துவிடும்.