பாக்ஸரின் குளம்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

கெட்டுப்போன சமூகத்தைக் காட்டும் டிஸ்டோபிய நாவல்களில் வரும் விலங்குகள் எல்லாம் மனிதர்களுக்கான குறியீடுகள்தானே? ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’யில் நெப்போலியன் என்ற பன்றி ஸ்டாலின், பாக்ஸர் என்ற குதிரை தொழிலாளி வர்க்கம் என்று தெரிந்த பிறகு எனக்கு அதில் படிக்க ஒன்றும் மிஞ்சவில்லை. விலங்கை விலங்காகவே காட்டும் நாவல்கள் உண்டா?

கே.

அன்புள்ள கே.,

சில நாட்களாக அந்தக் குதிரையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கேட்ட பட்டியலுக்கு இப்போது அவசரமில்லை. 1968இல் வெளிவந்த பிலிப் கே. டிக்கின் ‘Do Androids Dream of Electric Sheep?’ நாவலில், உயிருள்ள விலங்கை வாங்க வசதியில்லாத ஒருவன் மொட்டைமாடியில் மின்சார ஆடு வளர்க்கிறான். அதில் தொடங்குங்கள், போதும்.

உங்கள் ‘தானே’தான் எனக்குக் கோபமூட்டுகிறது. யாரோ சொல்லித்தந்ததை ஒப்பிக்கிறீர்கள். நானும் ஒப்பித்தவன்தான். கல்லூரியில் எங்கள் பேராசிரியர் கரும்பலகையின் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் விலங்குகளையும் வலப்பக்கம் ரஷ்யப் பெயர்களையும் எழுதிப்போட்டார். அதைத் தேர்வில் அப்படியே எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன்.

‘விலங்குப் பண்ணை’யின் உக்ரேனிய மொழிபெயர்ப்புக்கு 1947இல் ஆர்வெல் எழுதிய முன்னுரையைத் தேடிப் படியுங்கள். பத்து வயதுச் சிறுவன் ஒருவன் பெரிய வண்டிக்குதிரையை ஒடுங்கிய பாதையில் ஓட்டிப்போவதையும், அது திரும்ப முயலும்போதெல்லாம் சாட்டையால் அடிப்பதையும் பார்த்த பிறகே, இந்த விலங்குகள் தம் பலத்தை அறிந்துவிட்டால் மனிதனால் அவற்றை அடக்க முடியாது என்று தோன்றியதாகவும், அங்கிருந்து மார்க்ஸின் கோட்பாட்டை விலங்குகளின் பக்கம் நின்று யோசித்ததாகவும் அதில் சொல்கிறார். கதைக்கு உருவம் தந்தது அந்தக் குதிரைதான், கே. அவர் வாலிங்டன் கிராமத்து வீட்டில் வளர்த்த ஆட்டின் பெயர் மியூரியல். நாவலின் வெள்ளாட்டுக்கும் அதே பெயர்.

அந்தக் கண்ணோடு பாக்ஸரைப் பாருங்கள். பெரிய குளம்பால் புழுதியில் ஏ, பி, சி, டி என்று நான்கு எழுத்துகளை எழுதிவிட்டு, காதுகளைப் பின்னால் மடித்துக்கொண்டு, அடுத்த எழுத்து எது என்று தெரியாமல் அவற்றையே பார்த்தபடி நிற்கிறது. காதைப் பின்னுக்கு மடிப்பது குதிரை. வர்க்கத்துக்குக் காது கிடையாது. பன்னிரண்டு வயதில் ஓய்வு என்ற வாக்குறுதியை நம்பி உழைத்து, நுரையீரல் கெட்டு விழுந்த அதை வண்டியில் ஏற்றுகிறார்கள். வண்டியின் பக்கத்தில் குதிரை வெட்டுபவனின் பெயர் எழுதியிருப்பதைக் கழுதை பெஞ்சமின் படித்துச் சொன்ன பிறகு, உள்ளேயிருந்து குளம்புகள் பலகையில் மோதும் ஓசை கேட்கிறது. ஒருகாலத்தில் நாலு உதையில் அந்த வண்டியைச் சிதறடித்திருக்கும் கால்கள் அவை. ஓசை மெல்லத் தேய்ந்து நின்றுபோகிறது.

இன்றிரவு அந்த ஒரு பக்கத்தை மட்டும் மறுபடி படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.