ஆடியோவில் பேட்ச் எண் இருக்கிறதா?

கேள்வி: மகளுக்கு 9 மாதம் முடிந்துவிட்டது, எடை 8 கிலோ. வரும் புதன்கிழமை எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா தடுப்பு) ஊசிக்கு வரச் சொல்லியிருக்கிறார் செவிலியர். "அதைப் போட்டால் ஆட்டிசம் வரும், பள்ளிக்கூடத்தில் போட்ட பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள்" என்று சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஆடியோ சுற்றுகிறது. யாரை நம்புவது?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அந்த ஆடியோவை இன்னொரு தரம் கேளுங்கள். எந்த ஊர், எந்தப் பள்ளி, என்றைக்கு, எந்த பேட்ச் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) மருந்து? ஊசி மருந்தில் நிஜமாகவே கோளாறு என்றால் முதலில் நிறுத்திவைப்பது அந்த பேட்ச்சைத்தான். பேட்ச் எண் இல்லாத எச்சரிக்கையை யாராலும் சரிபார்க்க முடியாது.

2017 பிப்ரவரி 6-ல் தமிழ்நாட்டில் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்கு எம்.ஆர். முகாம் தொடங்கியபோதும் இப்படித்தான் வதந்தி பரவி, முகாமை நீட்டிக்க வேண்டிவந்தது. மயங்கி விழுந்தது பொய்யாகத்தான் இருக்கும் என்று சொல்ல மாட்டோம். காலையில் சாப்பிடாமல் வரிசையில் நிற்கும் பிள்ளை, முன்னால் இருப்பவன் அலறுவதைப் பார்த்தே மயங்கலாம். படுக்கவைத்துக் கால்களை உயர்த்திப் பிடித்தால் தெளிந்துவிடும். அது பயத்தில் வரும் மயக்கம். மருந்துக்கு அதில் பங்கில்லை.

ஆட்டிசம் கதைக்கு மூலம், 1998-ல் லான்செட் மருத்துவ இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் எழுதிய கட்டுரை. அதில் இருந்தவர்கள் வெறும் 12 குழந்தைகள். 2010-ல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. அவரது மருத்துவர் பதிவும் பறிபோனது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019-ல் வெளியான ஆய்வில், எம்.எம்.ஆர். ஊசியால் (எம்.ஆருடன் பொன்னுக்குவீங்கித் தடுப்பும் சேர்ந்தது) ஆட்டிசம் கூடவில்லை.

சந்தேகப்பட வேண்டிய இடம் வேறு. எம்.ஆர். தூளாக வரும், கூடவே வரும் திரவத்தில்தான் கரைக்க வேண்டும். கரைத்தபின் ஆயுள் 4 மணி நேரம். கிருமியைத் தடுக்கும் பொருள் அதில் கிடையாது என்பதால், நேரம் கடந்தால் குப்பிக்குள் பாக்டீரியா பெருகும். குழந்தைக்கு ஆபத்து இதில்தான். திறந்த நேரம் குப்பியில் எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். புதுக்குப்பி என்றால் திறக்குமுன் அதிலுள்ள, வெப்பம் பட்டால் நிறம் மாறும் அடையாள வட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள்: உள்ளே இருக்கும் சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் நல்லது. இரண்டும் ஒரே நிறமானால் வெப்பத்தில் கெட்டது, வேண்டாம். இப்படிக் கேட்பதில் தப்பே இல்லை. லேசான சளிக்காக ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். கடும் ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும்.

காய்ச்சல் அன்றைக்கே வரவேண்டும் என்பதில்லை. 7 முதல் 12 நாளில் லேசான காய்ச்சலும் தடிப்பும் வரலாம். அப்போது பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி.; 8 கிலோவுக்கு 80 முதல் 120 மி.கி. பலரும் சறுக்குவது சிரப் பாட்டிலில். 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப் என்றால் 5 மி.லி. வரை சரி. 250 மி.கி. உள்ளதென்றால் 2 மி.லி. போதும், அதையும் 5 மி.லி. கொடுத்தால் இரு மடங்குக்கும் மேல் ஆகிவிடும். அடுத்த வேளைக்கு 6 மணி நேர இடைவெளி விடுங்கள். வலிப்பு வந்தாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். போகும்போது தடுப்பூசி அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.